தெருவில் இறங்கி ஆட்களைத் திரட்டுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக் கூடாது. இந்த வேலையில் மைக் பிடிக்கிற நேரம் ரொம்பக் குறைவு. ஒரு வாரம் நான் என்ன செய்தேன் என்று எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் போன் பேசியிருப்பேன், மீதியில் பெரும்பகுதி யார் வீட்டு வாசலிலாவது நின்று காது கொடுத்திருப்பேன், மிச்ச நேரத்தில் நாற்காலி அடுக்கியிருப்பேன். ஊர்வலம், முழக்கம், செய்தித்தாளில் படம் எல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் நடக்கிற சங்கதி. அதற்காக மட்டும் வருகிறவர்கள் மூன்று மாதத்தில் சலித்துக் கிளம்பிவிடுவார்கள், நிறையப் பேரைப் பார்த்தாகிவிட்டது.

களப்பணியாளர், அமைப்பாளர், ஒருங்கிணைப்பாளர் என்று என்ன பெயர் வைத்தாலும் வேலை ஒன்றுதான். ஒரே பிரச்சினையைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி, அவர்களே அதைத் தீர்த்துக்கொள்கிற அளவுக்குச் சேர்த்துவைப்பது. இதில் 'அவர்களே' என்ற சொல்தான் ஆளைப் படுத்தும்.

நான் சறுக்கியதும் அங்கேதான். ஆரம்பத்தில் நான் வேலை பார்த்த குடியிருப்பில் வரிசையாக ஏழு தெருவிளக்கு எரியவில்லை. நான் சுறுசுறுப்பான ஆள் என்று எனக்கே என்னைப் பற்றி ஓர் எண்ணம் வேறு. மனுவை நானே எழுதினேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், நாலு தடவை நானே அலைந்தேன், அலுவலகத்தில் ஒருவர் கோப்பைக் காணோம் என்றபோது பையில் இருந்த நகலை நீட்டினேன், ஒன்றரை மாதத்தில் விளக்கு எரிந்தது. எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கும் இனித்தது. இரண்டு மாதம் கழித்து சாக்கடை அடைத்துக்கொண்டது. அப்போது என் போனுக்கு வந்த அழைப்பெல்லாம் ஒரே மாதிரி: "தம்பி, சாக்கடை நிரம்பிக் கெடக்கு, கொஞ்சம் சொல்லிவிடுங்க." ஒருவர்கூட "நாம போயி கேட்கலாமா" என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அந்தத் தெருவுக்கு நான் சம்பளம் வாங்காத இன்னொரு அலுவலகம் ஆகிவிட்டிருந்தேன்.

சால் அலின்ஸ்கி என்ற அமைப்பாளர் 1940-ல் அமெரிக்காவில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் இதற்கு 'இரும்பு விதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒருவர் தாமே செய்துகொள்ள முடிந்ததை அவருக்காக நீங்கள் செய்யாதீர்கள். படிக்க எளிது. ராத்திரி ஏழு மணிக்கு, நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவர் வெள்ளைத்தாளை நீட்டி "நீயே எழுதிருப்பா, உனக்குத்தான் வரும்" என்று சொல்லும்போதுதான் அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தான் தர வேண்டும், அதில் வீம்பு பிடிக்கக் கூடாது. ஆனால் எழுதுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே. பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த மனுவுக்கு அவர்கள் இரண்டு பேரும் உங்களைத் தேட மாட்டார்கள்.

முதல் மாதம் காதுக்கு மட்டும் வேலை

புதிதாக ஒரு பகுதிக்குள் போகிறீர்கள் என்றால் முதல் மாதம் எந்தத் திட்டமும் அறிவிக்காதீர்கள், கூட்டம் போடாதீர்கள், எதையும் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு நாளைக்கு மூன்று அல்லது நாலு பேருடன் பேச்சு. இதற்கு மேல் போனால் நாலாவது ஆள் சொன்னதும் இரண்டாவது ஆள் சொன்னதும் ராத்திரிக்குள் குழம்பிவிடும். ஒரு பேச்சுக்கு முப்பது, நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அடுப்பில் ஏதாவது இருக்கிற நேரத்திலும் கதவைத் தட்டினால், கதவு திறக்கும், மனசு திறக்காது.

வாசலில் நிற்கிற விதத்தில்கூட விஷயம் இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள், உள்ளே இருப்பவர் உங்களை முழுசாகப் பார்க்கட்டும். கையில் கட்டுக் காகிதம் இருந்தால் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள், நோட்டைப் பையிலேயே வையுங்கள். பெயரைச் சொல்லுங்கள், யார் உங்களை அனுப்பினார்கள் என்பதைச் சொல்லுங்கள்: "மூணாவது வீட்டு அக்கா உங்ககிட்ட அவசியம் பேசணும்னு சொன்னாங்க." இந்த ஒரு வரிக்கு இருக்கிற மதிப்பு எந்தத் துண்டறிக்கைக்கும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு பேச்சையும் முடிக்கும்போது "வேற யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதைக் கேட்காமல் வந்துவிட்டால் மறுநாள் திரும்பவும் முன்பின் தெரியாத கதவுதான்.

என்ன கேட்பது? "உங்க பகுதியில என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள், தண்ணீர், ரோடு, குப்பை. "போன வாரம் எதுக்காவது கோபப்பட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். "அப்போ என்ன செஞ்சீங்க, யாருகிட்ட சொன்னீங்க?" என்று தொடருங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. பலரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் எந்தச் சங்கத்திலும் பதவியில் இருக்காது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக, வீட்டுச் சண்டையை விலக்க என்று ஜனங்கள் போய் நிற்கிற வாசல் அது. அவரைத்தான் நீங்கள் தேடி வந்திருக்கிறீர்கள். முதல் நாளே வந்து உங்களைச் சுற்றிக்கொண்டு "எல்லாரையும் எனக்குத் தெரியும் சார்" என்று பேசுகிறவர் வேறு ரகம். அவரையும் பகைக்க வேண்டாம், ஆனால் அவர் கூட வந்தால் நிறையக் கதவுகள் திறக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பேசி முடித்து தெருமுனை திரும்பியதும் நின்று நோட்டை எடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், வேலை, வீட்டில் எந்த நேரம் இருப்பார், எதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்ந்தது, யாரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார், என்ன செய்யத் தெரியும். 'கணக்கு நன்றாகப் போடுவார்', 'யாருக்கும் பயப்படமாட்டார், ஆனால் கோபம் சட்டென்று வரும்', 'பேசமாட்டார், சொன்ன வேலையைச் செய்துவிடுவார்' என்கிற மாதிரிக் குறிப்புகள்தான் ஆறு மாதம் கழித்து உங்களுக்குத் தங்கம். நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், இன்னொருவர் கையில் கிடைத்தால் கூசுகிற மாதிரியும் எதையும் எழுதிவைக்காதீர்கள். வீட்டு விவகாரம், கடன், உடம்புக்கு வந்தது எல்லாம் காதோடு நிற்கட்டும்.

கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். திரும்பப் போக வேண்டியதுதான். 1952-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஃப்ரெட் ராஸ் என்ற அமைப்பாளர் மெக்சிகோ வம்சாவளி இளைஞரான சீசர் சாவேஸைத் தேடிப் போனபோது சாவேஸ் அவரைப் பார்க்காமல் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் எங்களை ஆராய்ச்சி செய்ய வருகிறார் போல என்று நினைப்பு. கடைசியில் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, முரட்டு நண்பர்கள் சிலரையும் வரவழைத்து, நான் சிகரெட்டைக் கை மாற்றினால் ஆளை விரட்டிவிடுங்கள் என்று ஏற்பாடும் செய்துவைத்திருந்ததாகப் பின்னாளில் சாவேஸே சொல்லியிருக்கிறார். ராஸ் வந்து அந்தப் பகுதியின் குறைகளை அங்கேயே வாழ்கிறவர் மாதிரிப் பேசவும், சைகையை மறந்து சாவேஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து வருடம் கழித்து, 1962-ல், பண்ணைத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் தொடங்கினார் அதே சாவேஸ், ராஸிடம் கற்ற வீட்டுக் கூட்ட முறையைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார். ராஸ் திரும்பவும் போகாமல் விட்டிருந்தால் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு, குறிப்பாக மூன்றாம் தடவை ஒரு வாசலில் நின்று ஏமாந்து திரும்புகிற நாட்களில்.

ஏற்கெனவே இருக்கிற கூட்டங்களையும் பாருங்கள். சங்கம், வழிபாட்டுக் குழு, விளையாட்டு மன்றம், மாதச் சேமிப்புக் குழு, எதுவாக இருந்தாலும் சரி, ஜனங்கள் எங்கேயோ ஓரிடத்தில் ஏற்கெனவே கூடிக்கொண்டுதான் இருப்பார்கள். 1939-ல் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களை ஒட்டிய பகுதியில் அலின்ஸ்கியும் ஜோசஃப் மீகனும் சேர்ந்து ஒரு குடியிருப்புக் கவுன்சில் அமைத்தபோது, தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த கூட்டங்கள் அவை. புதிதாக ஆளை வளர்ப்பதைவிட இருக்கிற கூட்டங்களைப் பேசவைப்பது சீக்கிரம் பலன் தரும், ஆனால் பழைய பகைகளும் கூடவே வந்து உட்காரும், அதற்கும் தயாராக இருங்கள்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது

உங்களுக்குப் பெரிதாகப் படுவதை எடுக்காதீர்கள். 1957 ஜனவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருகிற முதல் குடியுரிமைப் பள்ளியை நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், தொழிலால் அழகுநிலையக்காரர். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் எழுதப் படிக்கத் தெரிகிறதா என்ற தேர்வு ஒரு தடையாக இருந்த காலம் அது. அவர் வகுப்புக்கு வந்த பெரியவர்களிடம் முதலில் கேட்டது என்ன கற்க ஆசைப்படுகிறீர்கள் என்றுதான். பெயர் எழுத வேண்டும், வெளியூரில் இருக்கிற பிள்ளை எழுதுகிற கடிதத்தைப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கிருந்து தொடங்கினார், அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டி வாக்காளராகப் பதிகிற இடத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

நான் ஒரு பிரச்சினையை எடுக்கலாமா என்று பார்ப்பது மூன்று கேள்வியை வைத்து. நிறையப் பேருக்கு இது வலிக்கிறதா? ஆறு மாதத்துக்குள் கொஞ்சமாவது ஜெயிக்க முடியுமா? 'சரி, செய்கிறேன்' என்று சொல்லக்கூடிய ஆளின் பெயரும் நாற்காலியும் தெரியுமா? மூன்றாவதில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். 'தண்ணீர்ப் பிரச்சினை' என்பது வானத்தைப் போல, அதன் மேல் யாரும் மனு கொடுக்க முடியாது. 'எங்கள் மூன்று தெருவுக்கு வால்வை ராத்திரி இரண்டு மணிக்குத் திறக்கிறார்கள், காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும்' என்று நறுக்கினால், அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், செய்தாரா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும், ராத்திரி முழுக்கக் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாக வருவார்கள். பெரிய பிரச்சினையைச் சின்னதாக நறுக்கினால் கொள்கையை விட்டுவிட்டதாகச் சிலர் கோபப்படுவார்கள், படட்டும். காலை ஆறு மணித் தண்ணீரை வாங்கிய கூட்டம்தான் அடுத்து குழாயை மாற்றச் சொல்லிக் கேட்கும் தைரியத்தோடு வரும்.

நறுக்குவதற்குத் தகவல் வேண்டும். 1990-ல் ராஜஸ்தானில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு இதை அழகாகச் செய்தது. ஊழல், ஊழல் என்று பொதுவாகக் கத்தாமல், 1994 டிசம்பரிலிருந்து கிராமங்களில் மக்கள் விசாரணைக் கூட்டம் நடத்தி, அரசு வேலைகளின் வருகைப் பட்டியலையும் பில்லையும் ஊருக்கு முன்னால் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரும் இறந்துபோனவர் பெயரும் கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருந்தன. உட்கார்ந்திருந்த ஜனங்களே எழுந்து, இது பொய், இவர் செத்துப் பல வருடம் ஆகிறது என்றார்கள். இந்த மாதிரிக் கணக்குகளைப் பார்க்கிற உரிமை கேட்டு 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள், அங்கிருந்து வளர்ந்த கோரிக்கை 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்து நின்றது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: காகிதத்தைக் கையில் வாங்கினால் அலமாரியில் வைக்காதீர்கள், அந்தக் காகிதத்தில் பெயர் இருக்கிறவர்களுக்கு முன்னால் வாசியுங்கள்.

கூட்டம்

என் முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வருவதாகச் சொன்னார்கள். நோட்டீஸ் ஒட்டியிருந்தேன், வீடு வீடாகச் சொல்லியிருந்தேன், எழுபது நாற்காலி போட்டு வைத்தேன். வந்தது ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்தவர்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்த ஒன்பது பேருக்கும் ஊரே வரவில்லை, நாம்தான் ஏமாந்துவிட்டோம் என்ற முகம். அன்றைக்கு எனக்கு மனசு உடைந்ததைவிட அவர்களுக்கு உடைந்ததுதான் நஷ்டம்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. 'பார்க்கலாம்', 'முயற்சி பண்றேன்' என்றவர்கள் வரமாட்டார்கள், பட்டியலிலேயே எழுதாதீர்கள். 'கண்டிப்பா வரேன்' என்றவர்களில் பாதியை எதிர்பாருங்கள். முப்பது பேர் வேண்டுமென்றால் அறுபது உறுதியான 'வரேன்' வேண்டும். மூன்று நாள் முன்னால் ஒரு போன், அன்றைக்கு மதியம் இன்னொரு போன். குறுஞ்செய்தி போதாது, குரல் கேட்க வேண்டும். அந்தப் போனில் "வர்றீங்கல்ல?" என்று கேட்பதற்குப் பதிலாக "எப்படி வர்றீங்க, கூட யாரு?" என்று கேளுங்கள். வருவதென்று முடிவாகிவிட்ட மாதிரி அவரும் நினைக்கத் தொடங்குவார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார். முப்பது பேர் வருவார்கள் என்றால் இருபது நாற்காலி போடுங்கள், மீதியைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். கூட்டம் தொடங்கும்போது நாற்காலி பற்றாமல் எடுத்துப்போட வேண்டியிருக்கட்டும், அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இந்தப் போன்களையெல்லாம் நீங்களே பண்ணக் கூடாது. ஐந்து பேருக்குப் பத்துப் பத்துப் பெயராகப் பிரித்துக் கொடுங்கள். அவர்கள் சொதப்புவார்கள், இரண்டு பேர் மறந்துவிடுவார்கள், பரவாயில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு அவர்களே ஒருவரையொருவர் "உன் பத்துப் பேர் எங்கே?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டும். தலைமை தாங்குவது அந்தப் பகுதி ஆளாக இருக்கட்டும், முந்தின நாள் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை நடத்திப் பாருங்கள், யாராவது கடைசிவரை விடாமல் பேசினால் எப்படி நிறுத்துவது என்பது உட்பட. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அதற்கு வைத்திருந்த வழி: எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன், அடுத்து அந்தப் பிள்ளை ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்கு" என்பார். அண்ணனுக்கும் மரியாதை கெடாது. நான் இதை ஒரு பயிற்சி வகுப்பிலும் கற்றதில்லை.

கூட்டம் முடியும்போது எல்லாரும் கைதட்டிவிட்டுப் போனால் அது தோற்ற கூட்டம். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஐந்தாறு பெயராவது மினிட்ஸ் நோட்டில் ஏற வேண்டும். "யாராவது செய்யலாமே" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். நோட்டில் எழுதிவைத்தீர்களே, கணக்கு நன்றாகப் போடுவார் என்று, அவரை நேராகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து விநாடி அமைதி தாங்க முடியாமல் "பரவாயில்ல, நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னீர்களோ, தெருவிளக்குக் கதைக்குத் திரும்பிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் ஒரு கூட்டத்தின் அளவுகோல் வந்த தலைகள் இல்லை, வேலையோடு வீட்டுக்குப் போன தலைகள்.

ஒரே இரவில் நடந்தது போல் தெரிகிற பெரிய போராட்டங்களுக்குப் பின்னாலும் இந்த நோட்டும் பட்டியலும்தான் இருக்கின்றன. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்று பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளை உருளச்சு (சைக்ளோஸ்டைல்) இயந்திரத்தில் ஓட்டி, விடிந்ததும் ஊர் முழுக்கச் சேர்த்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது ஓர் இரவில் தோன்றிய யோசனை கிடையாது. அவர் தலைமையில் இருந்த பெண்கள் அரசியல் கவுன்சில் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பேருந்துப் புறக்கணிப்பு வரலாம் என்று எச்சரித்திருந்தது. யார் எந்தப் பகுதிக்குத் துண்டறிக்கை கொண்டுபோவது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததும் உணர்ச்சியால் மட்டும் இல்லை. யார் கார் எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று யாரோ தினமும் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணியதால்தான் ஜனங்கள் வேலைக்குப் போய்வர முடிந்தது. அந்த 'யாரோ'தான் நம்ம வேலை.

அதிகாரியைப் பார்க்கப் போவது

ஐந்து பேர் போங்கள், பேசுவது இரண்டு பேர். ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், தான் சொல்வது எழுதப்படுகிறது என்று தெரிந்தாலே எதிரில் இருப்பவர் வார்த்தையை எண்ணிப் பேசுவார். முந்தின நாள் உங்களில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து "நிதி இல்லை", "மேலிடத்தில் கேட்க வேண்டும்", "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லட்டும், மற்றவர்கள் பதில் பழகட்டும். சிரிப்பும் கூத்துமாகத்தான் நடக்கும், ஆனால் மறுநாள் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. மனுவுக்கு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். "எப்போது?" என்ற கேள்விக்குத் தேதியாகப் பதில் வர வேண்டும். நீங்கள், அதாவது அமைப்பாளர், வாசலுக்கு வெளியே நிற்பது நல்லது. உள்ளே போனால் எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அதிகாரியும்கூட.

பணமும் வாட்ஸ்அப்பும்

இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் கெடுகிற விதம் ஊருக்கு ஊர் ஒன்றுதான். உறுப்பினர்களிடம் சந்தா வாங்குங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும். கலிஃபோர்னியாவில் சாவேஸின் சங்கம் பரம ஏழைகளான பண்ணைத் தொழிலாளர்களிடமே மாதம் 3.50 டாலர் சந்தா வாங்கியது. காசு கொடுத்தவர் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பார், நமக்கு அதுதான் வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு காசு வாங்காதீர்கள், பணம் ஒருவரிடமும் கணக்கு நோட்டு இன்னொருவரிடமும் இருக்கட்டும், மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் கணக்கை வாசியுங்கள். நான் பார்த்த ஒரு நல்ல குழு உடைந்தது யாரும் திருடியதால் இல்லை, ஒரு ரசீதுப் புத்தகம் காணாமல் போனதால்.

வாட்ஸ்அப் குழு தகவல் சொல்ல மட்டும். முடிவு எடுக்க, சண்டை தீர்க்க, ஆளைக் கூப்பிட அது உதவாது. நூறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள் என்று நம்பி நாற்காலி போட்டால் என் ஒன்பது பேர் கதைதான்.

சோர்வும் சண்டையும்

தோற்பீர்கள். நாலு மாதம் உழைத்த கோரிக்கை ஒரு வரிப் பதிலில் தள்ளுபடியாகும். அன்று சாயங்காலமே எல்லாரையும் கூட்டி, அந்தப் பதிலை அப்படியே வாசித்துக் காட்டுங்கள், திட்ட நினைப்பவர்கள் திட்டித் தீர்க்கட்டும், பிறகு அடுத்த சந்திப்புக்குத் தேதி குறித்துவிட்டுக் கலையுங்கள். அன்றைக்கே பெரிய முடிவெல்லாம் எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் யாரும் கூடாமல் விட்டால், அந்த இடைவெளியில் 'அவன் விலை போயிட்டான்' என்கிற பேச்சு வந்து உட்கார்ந்துவிடும். உங்களைப் பற்றியும் வரும், எனக்கும் வந்தது. நியாயம் பேசி அதைத் தீர்க்க முடியாது, வழக்கம்போல் அதே கதவுகளைத் தட்டிக்கொண்டிருப்பதைத் தவிர நான் வேறு மருந்து கண்டதில்லை.

உள்ளுக்குள் சண்டை வந்தால் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், ஒரு தரப்பு சொன்னதை இன்னொரு தரப்பிடம் எடுத்துச் சொல்லும் தபால்காரர் மட்டும் ஆகிவிடாதீர்கள். அப்புறம் உங்கள் வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், வாரத்தில் ஒரு நாள் முழுசாக விடுப்பு எடுங்கள். நான் மூன்று வருடம் அப்படிச் செய்யாமல் இருந்து, ஒருநாள் ஒரு வயதான அம்மா தன் ரேஷன் அட்டைக் கதையை மூன்றாம் முறை சொன்னபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் மெதுவாகச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன், அதற்கப்புறம்தான் விடுப்பு எடுக்கப் பழகினேன்.

விலகிக்கொள்வது

வந்த நாளிலிருந்தே கிளம்புகிற நாளை யோசித்து வேலை செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை, ஏனென்றால் ஜனங்களுக்கு நாம் தேவைப்படுவது நமக்குப் பிடித்திருக்கிறது. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள், முதல் ஆள் இல்லாத நாளில் அவரை நடத்தச் சொல்லுங்கள். மினிட்ஸ் நோட்டு, கணக்கு நோட்டு, மனு நகல்கள், போன் பட்டியல் எதுவும் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருங்கள், யாராவது திரும்பி உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் செயலாளரைப் பாருங்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அங்கேயே பார்க்கத் தொடங்குவார்கள்.

தெருவிளக்குக் குடியிருப்பில் இப்படி ஒன்றரை வருடம் போன பிறகு, ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி ஒரு கூட்டம், முப்பது நாற்பது பேர், சுவரோரம் அடுக்கிய நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தக் கூட்டத்துக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் மனசு சரியில்லை, அப்படி என்ன மறந்துவிட்டார்கள் என்று. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனபோது, "தம்பி, சாக்கடை நிரம்பிக் கெடக்கு" என்று முன்பு எனக்குப் போன் போட்ட அதே அக்கா வாசலில் உட்கார்ந்து மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "எப்படி வர்றீங்க? கூட யாரு?" என்று கேட்டார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் இரு என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார்.